புயலின் பெயரும் பொறுப்பின் பெயரும்

பிலிப்பைன்ஸ் நாட்டிற்குள் நுழையும் புயல்கள் இரண்டு பெயர்களைத் தாங்குகின்றன. பன்னாட்டு வழக்கில் உள்ள பெயர் ஒன்று. அந்நாட்டு வானிலை நிறுவனமான பகாசா தன் மக்களுக்கென இடும் பெயர் மற்றொன்று. உலகம் ஹையான் என்றழைத்த புயலை அம்மக்கள் யோலாண்டா என்றே அறிவர். பேரழிவு விளைத்த புயலின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். பின்னர் எந்தப் புயலுக்கும் அது சூட்டப்படுவதில்லை. புயலின் பெயரை இத்துணைக் கவனத்தோடு பேணும் நாட்டில், அழிவிற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்களின் பெயர் என்னவாயிற்று என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழையும் வரலாறு.

அந்நாட்டில் புயலைப் பற்றிய அறிவு புதியதன்று. இயேசு சபைத் துறவியர் 1865இல் மணிலா வானாய்வகத்தை நிறுவினர். அங்கிருந்து ஃபெடெரிகோ ஃபவுரா 1879இல் புயல் முன்னறிவிப்பை வெளியிட்டார். 1897 அக்டோபரில் சமார், லெய்ட்டே தீவுகளைப் புயல் தாக்கியது. கடல் பொங்கி ஊர்களுக்குள் புகுந்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சபையைச் சேர்ந்த ஹொசே அல்கே அந்நிகழ்வை ஆராய்ந்து மறு ஆண்டே நூலாக வெளியிட்டார். ஆயினும் நூலில் உள்ள நினைவும் ஊரில் உள்ள நினைவும் ஒன்றல்லவே. 116 ஆண்டுகள் கழித்து, அதே கரையில், கடல் மீண்டும் எழுந்தது.

2013 நவம்பர் 8 அன்று ஹையான் கரையேறியது. உயிரிழந்தோர் 6,300 பேர் என்பது அரசுக் கணக்கு. காணாமற்போனோர் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். லெய்ட்டேயின் தலைநகரான தக்லோபானில் பலரைக் கொன்றது காற்றன்று, கடல்நீரே. முன்னறிவிப்பு இல்லாமலில்லை. புயலால் கடல் பல மீட்டர் உயரும் என்று வானிலை நிறுவனம் எச்சரித்தது. குடியரசுத் தலைவர் பெனிக்னோ அக்கினோவும் முந்தைய மாலையில் தொலைக்காட்சியில் தோன்றிக் கூறினார். ஆனால் அறிவிப்பில் இருந்தது 'ஸ்டார்ம் சர்ஜ்' என்னும் ஆங்கிலத் தொடர். அது எதைக் குறிக்கிறது என்பது மீனவர்க்கும் நகரத்தார்க்கும் ஒருங்கே விளங்கவில்லை. 'சுனாமி வருகிறது என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே' என்று தப்பியவர்கள் பலர் பின்னர் கூறினர். 2004க்கு முன் சுனாமி என்ற சொல்லையே கேட்டிராத தமிழ்க் கடற்கரை இதை நன்கு உணரும். பாதுகாப்பு மையங்களாக அறிவிக்கப்பட்ட கட்டடங்களிலேயே நீரில் மூழ்கி இறந்தவர்களும் உண்டு. ஆகவே, 'எச்சரித்தோம், மக்கள் கேட்கவில்லை' என்று அரசு சொல்வது பாதி உண்மையே. கேட்பவர்க்கு விளங்காத மொழியில் விடுக்கப்படும் எச்சரிக்கை, கோப்பைக் காப்பாற்றுமேயன்றி உயிரைக் காப்பாற்றாது.

புயலுக்குப் பின் அரசியல் புகுந்தது. தக்லோபான் மேயர் ரொமுவால்டெஸ் குடும்பத்தவர். இமெல்டா மார்க்கோஸ் பிறந்த குடும்பம் அது. குடியரசுத் தலைவரோ, மார்க்கோஸ் ஆட்சியில் 1983இல் சுட்டுக் கொல்லப்பட்ட அக்கினோவின் மகன். நீங்கள் ரொமுவால்டெஸ், தலைவர் அக்கினோ என்பதை மறக்க வேண்டாம் என உள்துறைச் செயலர் மார் ரோஹாஸ் மேயரிடம் கூறிய காட்சி வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. தம் சொல் திரித்துக் காட்டப்பட்டது என்று ரோஹாஸ் மறுத்தார். எனினும், பிணங்கள் அகற்றப்படாத நகரில் இரு குடும்பங்களின் பகை பேசுபொருளானதை மக்கள் மறக்கவில்லை.

'பயானிஹான்' என்பது அம்மக்கள் பெருமையோடு சொல்லும் சொல். மூங்கில் கழிகளின்மேல் ஒரு வீட்டையே ஊரார் கூடித் தூக்கிச் சென்று வேறிடத்தில் வைக்கும் பழைய வழக்கத்தை அது நினைவூட்டும். 2009 செப்டம்பர் 26 அன்று ஒண்டோய் புயலில் மணிலாவில் 24 மணி நேரத்தில் 455 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, அரசின் மீட்புப் படகுகள் போதவில்லை. அண்டை அயலாரே ஒருவரையொருவர் மீட்டனர். அந்த அழிவின் படிப்பினையாக 2010இல் புதிய பேரிடர்ச் சட்டம் வந்தது. மார்க்கோஸ் காலத்து 1978ஆம் ஆண்டு ஆணை நீங்கியது. உள்ளாட்சிகள் தம் வருவாயில் ஐந்து விழுக்காட்டைப் பேரிடர் நிதியாக ஒதுக்க வேண்டும், பேரிடர் மன்றங்களில் குடிமக்கள் அமைப்புகளுக்கு இடம் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. உதவும் குடிமகன் கேள்வி கேட்கும் குடிமகனுமாவதற்குச் சட்டம் வாயில் திறந்தது எனலாம்.

கேட்பதற்குக் காரணமும் விரைவில் வந்தது. ஒண்டோய், பெப்பெங் புயல்களில் பாதிக்கப்பட்டோர்க்கென மலம்பாயா எரிவாயு நிதியிலிருந்து ஒதுக்கப்பட்ட 90 கோடி பெசோ போலித் தொண்டு நிறுவனங்களுக்குத் திருப்பப்பட்டதாக 2013இல் குற்றச்சாட்டு எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 26 அன்று, சட்டமன்ற உறுப்பினர் நிதி முறைகேட்டை எதிர்த்து லுனேட்டா பூங்காவில் பெருந்திரளாக மக்கள் கூடினர். ஹையான் தாக்கிய பதினோராம் நாள், நவம்பர் 19இல், அந்நிதி முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்த ஆண்டு தக்லோபானில் தப்பியவர்கள் 'பீப்பிள் சர்ஜ்' என்ற பெயரில் ஒன்றுகூடினர். தங்களைக் கொன்ற சொல்லையே தங்கள் அமைப்பின் பெயராக்கிக்கொண்டதை என்னென்பது! குடும்பத்திற்கு 40,000 பெசோ உதவித்தொகை கேட்டு ஊர்வலம் சென்றனர். பயானிஹானைப் போற்றிய அரசு இவர்களை அவ்வாறு போற்றவில்லை. துயரைத் தாங்கும் ஏழையை எல்லா அரசுகளும் புகழும். கணக்குக் கேட்கும் ஏழையைக் கண்டால் முகம் சுளிக்கும். 'எதையும் தாங்கி மீண்டெழும் மக்கள்' என்ற புகழுரை, ஏன் ஒவ்வொரு முறையும் தாங்க வேண்டும் என்ற கேள்வியை மறைக்கவும் பயன்படுகிறது.

இயற்கையின் சீற்றத்தைத் தடுக்கவியலாது என்பாருக்கு ஓர்மோக் நகரம் விடை சொல்லும். 1991 நவம்பர் 5 அன்று அங்கே திடீர் வெள்ளத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜப்பானின் நிதியுதவியுடன் ஆற்றில் தடுப்பணைகள் கட்டப்பட்டு 2001இல் நிறைவுற்றன. 2003இல் பெருமழை மீண்டும் வந்தது; நகரம் தப்பியது. உண்மையாகவே கட்டப்பட்ட அணை உண்மையாகவே காக்கும்.

கட்டப்படாத அணை? 2025இல் நாடே அதைத்தான் கேட்டது. 2022 ஜூலை முதல் வெள்ளத் தடுப்புக்கென 54,500 கோடி பெசோ ஒதுக்கப்பட்டதாகவும், அதில் ஐந்திலொரு பங்கு பதினைந்து ஒப்பந்தக்காரர்களிடமே சென்றதாகவும் குடியரசுத் தலைவர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் இளையவரே வெளியிட்டார். புலாக்கானில் முடிந்துவிட்டதாகக் கணக்கில் காட்டப்பட்ட ஐந்தரைக் கோடி பெசோ ஆற்றுச் சுவரை அவர் பார்வையிடச் சென்றபோது, அங்கே சுவரே இல்லை. அவர் தந்தை இராணுவச் சட்டம் அறிவித்த செப்டம்பர் 21ஆம் நாளையே தேர்ந்து, மக்கள் 'டிரில்லியன் பெசோ ஊர்வலம்' நடத்தினர். நவம்பரில் கல்மேகி புயல் செபு மாகாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. வெள்ளத் தடுப்பிற்கான 2,600 கோடி பெசோ எங்கே என்று மாகாண ஆளுநரே கேட்டார்.

1897இலிருந்து 2025 வரை தொடர்ந்து நோக்கின் ஒன்று புலனாகிறது. மழையின் அளவைக் குறிக்க அறிவியல் இருந்தது. இறந்தவர்களை எண்ணவும் ஏடு இருந்தது. யார் பொறுப்பு என்று எழுதும் பக்கமே நெடுங்காலம் வெற்றாக விடப்பட்டது. அப்பக்கத்தை நிரப்ப முனைந்தவர்கள், சேற்றில் நின்று அண்டை வீட்டாரைத் தூக்கிய அதே மக்கள்தாம். வீட்டைத் தூக்கச் சேர்ந்த தோள்கள் கணக்குக் கேட்கவும் சேர்கின்றன. இதையும் பயானிஹான் என்றே அழைப்பதில் பிழையில்லை. புயலின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். பொறுப்பானவரின் பெயரை அவ்வாறு நீக்க அவர்கள் இனி விடப்போவதில்லை என்றே நாம் நம்புகிறோம்.