பண்டாரநாயக்க பன்னாட்டு விமான நிலையம்

இலங்கையின் முதன்மை விமான நிலையம். கொழும்புக்கு வடக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், நீர்கொழும்பை அடுத்த கட்டுநாயக்காவில் அமைந்துள்ளது. பேச்சு வழக்கில் கட்டுநாயக்கா என்றாலே இந்நிலையத்தைத்தான் குறிக்கும். விமானப்படைத் தளமும் இங்கேயே உள்ளது; இரண்டுக்கும் ஓடுபாதை ஒன்றே.

கொழும்பின் முதல் விமான நிலையம் இரத்மலானை. சென்னையிலிருந்து வந்த சிறு விமானம் ஒன்று 1935 நவம்பரில் அங்கு முதலில் தரையிறங்கியது. 1947 டிசம்பரில் தேசிய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் சேவையும் அங்கிருந்தே காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டது. கட்டுநாயக்கா, இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம். 1957இல் அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜெட் விமானங்களுக்கு இரத்மலானை போதாமற்போகவே, 1960களில் கனடாவின் உதவியுடன் கட்டுநாயக்காவில் பயணிகள் நிலையம் எழுந்தது. 1970இல் முன்னாள் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் பெயர் சூட்டப்பட்டது. 1977இல் நீக்கப்பட்ட அப்பெயர், அவர் மகள் சந்திரிகாவின் ஆட்சியில் 1995இல் திரும்பியது.

உள்நாட்டுப் போர் இந்நிலையத்தையும் விட்டுவைக்கவில்லை. 1986 மே 3 அன்று இங்கு நின்றிருந்த ஏர் லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். 2001 ஜூலை 24 அதிகாலையில் விடுதலைப் புலிகள் விமானப்படைத் தளத்தைத் தாக்கினர். தாக்குதல் அருகிலிருந்த பயணிகள் நிலையத்துக்கும் பரவியது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் விமானங்களில் பாதியளவு அழிந்தன அல்லது சேதமடைந்தன. காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தது; சுற்றுலா சரிந்தது.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் இதன் முக்கியப் பயணிகள். வருகைக் கூடத்துத் தீர்வையற்ற கடைகளில் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் விற்கப்படுவது ஊர் திரும்பும் அவர்களுக்காகவே. 2019இல் யாழ்ப்பாணத்தின் பலாலியிலிருந்து சென்னைச் சேவை தொடங்கும்வரை, வடபகுதி மக்களும் வெளிநாட்டுப் பயணத்துக்கு நெடுவழி கடந்து இங்கேதான் வந்தனர். 2013இல் திறந்த அதிவேக நெடுஞ்சாலை கொழும்புப் பயணத்தைச் சுருக்கியது.

ஒற்றை ஓடுபாதையின் நீளம் 3,350 மீட்டர். 2017இல் அதைப் புதுப்பிக்க மூன்று மாதம் தினமும் பகலில் எட்டு மணி நேரம் மூட நேர்ந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல் விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பிச் சென்றன. ஜப்பானியக் கடனில் 2020இல் தொடங்கிய இரண்டாம் முனையத்தின் கட்டுமானமும் அதே நெருக்கடியில் இடைநின்றது.