மில் தொழிலாளருக்குச் சோறிட்ட பெண்கள்

பெருநகரங்களின் உணவைப் பற்றி எழுதுவோர் மொத்தச் சந்தைகளையும் ரேஷன் கடைகளையும் ஓட்டல்களையும் குறிப்பிடுவர். எந்தக் கணக்கிலும் வராத வீட்டு அடுப்புகளை அவர்கள் நினைப்பது அரிது. பம்பாயின் நெசவாலைத் தொழிலையே அத்தகைய அடுப்புகள் தாங்கி நின்ற வரலாற்றை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

1854இல் காவஸ்ஜி தாவர் அந்நகரின் முதல் நூற்பாலையைத் தோற்றுவித்தார். பின்னர் ஆலைகள் பெருகின. பரேல், லால்பாக், வொர்லி ஆகிய பகுதிகள் 'கிரண்காவ்', அதாவது ஆலைகளின் ஊர், என்றே பெயர் பெற்றன. ரத்னகிரி, சாத்தாரா மாவட்டங்களிலிருந்து வந்த ஆண்கள் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு, ஒரே அறையில் பலராகத் தங்கினர். இரவு ஷிப்டுக்குச் சென்றவர் எழுந்த இடத்தில் பகல் ஷிப்டு முடித்தவர் படுத்தார். இவர்களுக்குச் சமைத்துப் போட்டவர் பெரும்பாலும் அக்கம்பக்கத்து அறையில் வசித்த ஒரு தொழிலாளியின் மனைவியோ விதவையோ ஆவார். மாதக் கட்டணத்தில் நடந்த இந்த ஏற்பாட்டிற்கு மராத்தியில் 'கானாவள்' என்று பெயர். ஊர், சாதி, மதம் பார்த்தே கானாவள்கள் அமைந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆலை நிர்வாகம் மாதம் முழுதும் வேலை வாங்கிய பின்னரே சம்பளம் தந்தது. அதுவரை தொழிலாளியின் வயிற்றுக்கு முதல் போட்டவர் யார்? மளிகைக் கடையில் கடன் சொல்லி அரிசியும் சோளமும் வாங்கிய அந்தப் பெண்ணே. கடைக்காரரிடமும் வட்டிக்காரரிடமும் கடன்பட்டவர் அவர். வட்டியின் கொடுமையை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1973-74இல் நடந்த ஆலை வேலைநிறுத்தம் 42 நாட்கள் நீடித்தது. சம்பளம் நின்றது, ஆயினும் கானாவள் அடுப்புகள் அணையவில்லை. பெண்கள் பாத்திரங்களையும் நகைகளையும் அடகு வைத்துச் சோறிட்டனர். போராட்ட வரலாறுகளோ சங்கத் தலைவர்களையே பேசுகின்றன!

இதைக் கண்ணுற்றவர் கோவா விடுதலைப் போரில் பங்கேற்ற தொழிற்சங்க ஊழியரான பிரேமா புரவ் அம்மையார். 1975இல் 14 பெண்களுடன் அவர் 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' எனும் அமைப்பைத் தொடங்கினார். அடகு வைக்க ஏதுமற்ற பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, தேசியமயமான வங்கியில் கடன் பெற்றனர். வங்கிக் கடனும் வட்டிக் கடனே எனினும், வட்டிக்காரரின் பிடி தளர்ந்தது உண்மை. உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினர்.

ஆனால் மலிவான கடன் மட்டும் போதவில்லை. 1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது முறைப்படி முடிவுக்கு வரவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. உண்டவர்களில் பலர் ஊர் திரும்பினர். மண்டல் அலுவலகங்களுக்கு உணவு வழங்குதல், தொழிற்பயிற்சி எனத் திசை மாறிப் பிழைத்தது. தனித்து நின்ற கானாவள்களுக்கு அவ்வழி இல்லை.

ஆலை நிலங்களில் பின்னர் வணிக வளாகங்கள் எழுந்தன. லோயர் பரேலின் ஃபீனிக்ஸ் ஆலை அவற்றுள் ஒன்று. அந்நிலங்களின் ஒரு பகுதியில் முன்னாள் தொழிலாளருக்கும் அவர்தம் வாரிசுகளுக்கும் வீடு வழங்கும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. அதற்கு ஆலையில் வேலை பார்த்த சான்று வேண்டும். சோறிட்ட பெண்களின் பெயர் எந்த ஆலையின் சம்பளப் பட்டியலிலும் இருந்ததில்லை.