பாரவண்டியும் பந்தய வண்டியும்: நெல்லைச் சீமையின் மாட்டுவண்டிப் பந்தய வரலாறு

திருநெல்வேலிச் சீமையின் மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பற்றி எழுதுவோரிற் பலர் கலித்தொகையின் முல்லைக்கலி காட்டும் ஏறுதழுவலிலிருந்தே அதன் வரலாற்றைத் தொடங்குகின்றனர். காளை என்ற ஒன்றைத் தவிர இரண்டுக்கும் பொதுவானது மிகக் குறைவு. ஏறுதழுவலுக்கு நுகம் காணாத காளையும் அடைத்த தொழுவமும் போதும். வண்டிப் பந்தயத்திற்கோ ஒரே நுகத்தில் இணையாக நடக்கப் பழகிய இரு காளைகளும், அவற்றை ஓட்டும் கைப்பழக்கம் உடைய வண்டிக்காரரும், பல மைல் நீளும் சாலையும் தேவைப்படுகின்றன. பழந்தமிழ் இலக்கியத்தில் இதற்கு முன்னோர் வேண்டுமென்றால், உப்பேற்றிய வண்டிகளை அணியணியாக ஓட்டிச் சென்றவர்களும், வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று வேறோர் அச்சை உடன் கொண்டு சென்றவர்களுமான உமணர்களைச் சுட்டுவதே பொருத்தமாகும். இப்பந்தயம் வண்டித்தொழில் ஈன்ற பிள்ளை.

அத்தொழில் இப்பகுதியில் எங்கே வேரூன்றியது என்பதை நிலத்தின் அமைப்பே விளக்குகிறது. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையிலான எட்டு அணைக்கட்டுகளின் வழியே கார், பிசானம் என்னும் இரு போக நெல்லையும் விளைவித்தது. ஆற்றங்கரை ஊர்களில் காளையின் வேலை பெரும்பாலும் வயலையும் களத்தையும் சுற்றியே அமைந்தது. ஆற்றுக்கு வடக்கே ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்களில் பரந்து கிடக்கும் கரிசல் நிலமும், தெற்கே தேரி எனப்படும் செம்மணற் காட்டுப் பனைநிலமும் வேறு வகையானவை. அங்கு விளைந்த பருத்தியும் காய்ச்சிய கருப்பட்டியும் தொலைவில் இருந்த சந்தைகளுக்கும் துறைமுகத்திற்கும் சென்றால்தான் பணமாகும். எனவே நெடுவழி வண்டித்தொழில் இந்த வறண்ட நிலங்களில்தான் செழித்தது; பந்தயம் இன்று மிகுதியாக நடப்பதும் அதே வட்டாரங்களில்தான். 1986இல் தூத்துக்குடி மாவட்டமும் 2019இல் தென்காசி மாவட்டமும் பிரிந்த பின்னர் இவை மூன்று நிர்வாகங்களுக்குள் அடங்கிவிட்டன என்றாலும், வண்டிகளின் வரலாற்றைப் பொறுத்தவரை இது ஒரே சீமையாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இச்சீமையின் வண்டிகளுக்குப் பொற்காலம். திருநெல்வேலி நகரையும் பாளையங்கோட்டையையும் பிரித்த தாமிரபரணியின் மீது, கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக, இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் 1843இல் திறக்கப்பட்டதும், வெள்ளக் காலத்தில் கரையோரம் காத்துக் கிடக்க வேண்டிய நிலை வண்டிகளுக்கு நீங்கியது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு கிடைக்காமற் போகவே, இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரிலேயே வெளிநாட்டுச் சந்தையில் அறியப்பட்ட கரிசல் பஞ்சு, வண்டி வண்டியாகத் தூத்துக்குடிக்குச் சென்றது. திரும்பும் வண்டிகளுக்கு உப்பும் கருவாடும் சுமையாயின.

இப்போக்குவரத்தின் உள்ளமைப்பை அறிய, ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் சமூக வரலாற்று நூல் பெரிதும் உதவுகிறது. தெற்கிலிருந்து வடக்கே வணிகத்திற்குச் சென்ற நாடார் வணிகர்கள், வழிப்பறிக்கு அஞ்சிக் கூட்டமாகவே பயணம் செய்து, சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற இடங்களில் சரக்குக்கும் வண்டிக்கும் காளைக்கும் காப்பளிக்கும் அடைப்புகளை ஏற்படுத்தினர். பேட்டை என்று அழைக்கப்பட்ட அவ்விடங்களின் செலவுக்காக வணிகர்கள் தமக்குள் செலுத்திய பங்கே மகமை எனப்பட்டது. பேட்டைக்குப் பேட்டை இரவெல்லாம் நடக்கும் காளைக்கு வேகத்தைவிடச் சீரான நடையே முதன்மையான தகுதி. ஆயினும் சந்தைக்கோ துறைமுகத்திற்கோ முந்திச் சேரும் வண்டிக்கு ஆதாயம் உண்டு என்பதால், விரைந்த நடை கொண்ட இணைக்கு எப்போதும் கூடுதல் விலையும் மதிப்பும் இருந்தன. பந்தய மனப்பான்மைக்கு இந்த மதிப்பே வித்து எனக் கொள்வதில் தவறில்லை.

1876இல் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் ரயில் வந்தபோது வண்டித்தொழில் அழிந்துவிடவில்லை. ஊரிலிருந்து நிலையத்திற்கும், நிலையத்திலிருந்து பஞ்சு அரவை ஆலைக்கும் சுமை கொண்டு செல்ல வண்டியே வேண்டியிருந்தது. அதை உண்மையில் ஓரங்கட்டியவை இருபதாம் நூற்றாண்டின் லாரியும் டிராக்டருமே.

வண்டியின் உடலமைப்பிலும் இந்த மாற்றத்தைக் காணலாம். பாரவண்டியின் சக்கரம், நடுவில் அச்சைத் தாங்கும் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றை வளைத்து மூடும் வட்டை, வட்டையின்மேல் காய்ச்சி இறுக்கப்படும் இரும்புப் பட்டை ஆகியவற்றால் ஆனது. சக்கரம் கழன்றுவிடாமல் காப்பது கடையாணி. பந்தய வண்டியிலும் இவ்வுறுப்புகள் உள்ளன என்றாலும், சுமை தாங்கும் தட்டும் பக்கக் கம்புகளும் அதில் இல்லை. ஓட்டுபவர் அமரவோ நிற்கவோ போதுமான சட்டமும், நுகத்தடியோடு இணையும் ஏர்க்காலும் மட்டுமே எஞ்சுகின்றன. லாரி வந்த பின்னர் சுமையிலிருந்து விடுபட்ட வண்டி, தன் எடையையும் குறைத்துக்கொண்டது எனலாம்.

பந்தய முறையிலும் நெடுவழிப் பயணத்தின் தடம் தெளிவாகத் தெரிகிறது. கொங்கு நாட்டில் ரேக்ளா எனப்படும் பந்தயம், இளங்காளைகளுக்கு 200 மீட்டர், வளர்ந்த காளைகளுக்கு 300 மீட்டர் என்னும் குறுந்தொலைவில், வண்டி எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிட்டு முடிவு செய்யப்படுகிறது. கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்த்தடத்தில் வாகனங்களை நின்ற நிலையிலிருந்து சீறிப் பாய விடும் டிராக் ரேஸ் என்னும் மேலைநாட்டுப் போட்டிக்கு நெருங்கிய உறவு கொண்டது அது. தென்மாவட்ட முறையில் நேரத்தைவிட முந்துதலே கணக்கு. பொதுச்சாலையில் வண்டிகள் ஒருசேரப் புறப்பட்டு, குறித்த எல்லையைத் தொட்டுத் திரும்பி, புறப்பட்ட இடத்தை அடைய வேண்டும். மீட்டர் அளவை வந்து பல்லாண்டுகள் கடந்தும் தொலைவு இன்றும் போகவர இத்தனை மைல் என்றே அறிவிக்கப்படுகிறது. காளைகளின் அளவைக் கொண்டு பெரிய மாட்டுவண்டி, சிறிய மாட்டுவண்டி, பூஞ்சிட்டு எனப் பிரிவுகள் உண்டு. பூஞ்சிட்டு என்பது மிகச் சிறிய மாடுகளுக்கான பிரிவு. சிறு பிரிவுகளில் வண்டிகள் மிகுந்தால் இரு சுற்றாகப் பிரித்து விடுவர். வண்டியை ஓட்டுபவர் சாரதி எனப்படுகிறார். பரிசு வாசிக்கும்போது மாட்டின் உரிமையாளர் பெயரோடு ஊரின் பெயரும் ஒலிபெருக்கியில் சேர்ந்தே ஒலிக்கும். ஊர்ப் பெயருக்காகவே கடன் வாங்கி மாடு கட்டுபவர்கள் உண்டு. கோயில் கொடை விழாக்களையொட்டி, மாநில அளவிலானவை என அறிவிக்கப்படும் பந்தயங்களுக்கு மதுரை, தேனி, சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டங்களிலிருந்தும் இணைகள் லாரியேறி வருகின்றன. தாம் ஒழித்த தொழிலின் எச்சத்தை லாரிகளே இவ்வாறு சுமந்து திரிவது சற்று வேடிக்கைதான்.

பயிற்சியும் பழைய தொழிலறிவின் தொடர்ச்சியே. குளத்திலும் கண்மாயிலும் நீந்தவிட்டு மூச்சை வளர்ப்பதும், உழுத மண்ணில் நடத்திக் காலை உரமாக்குவதும், பருத்திக்கொட்டையும் உளுந்தும் அரைத்து ஊட்டுவதும் பொதுவான வழக்கங்கள். தாமிரபரணிக் கரையின் நெல் வைக்கோலும் கரிசலின் பருத்திக்கொட்டையும் ஒரே தொட்டியில் சேர்வதிலிருந்து, இரு நிலங்களுக்கும் இடையே இருந்த பழைய கொடுக்கல் வாங்கலை உணரலாம்.

நீதிமன்ற வரலாறு தனித்துக் கூறத்தக்கது. ஜல்லிக்கட்டு வழக்கு என்று நாடறிந்த சட்டப் போராட்டம் உண்மையில் வண்டிப் பந்தயத்திலிருந்தே தொடங்கியது: ராமநாதபுரம் மாவட்டத்து ஊர் ஒன்றில் ரேக்ளா நடத்த அனுமதி கோரிய மனுவை 2006இல் விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஆர். பானுமதி, அதனோடு ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை செய்தார். அத்தடை 2007இல் இரு நீதிபதிகள் அமர்வால் நீக்கப்பட்டது. 2011 ஜூலையில் மத்திய அரசு, காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. ஜல்லிக்கட்டுத் தடைக்கு எதிரான 2017 ஜனவரிப் போராட்டத்தின் விளைவாக வந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது; கர்நாடகமும் மகாராஷ்டிரமும் தத்தம் சட்டங்களில் வண்டிப் பந்தயத்தை வெளிப்படையாகச் சேர்த்திருக்க, தமிழ்நாட்டுச் சட்டத்தின் அப்பட்டியலில் அது இடம்பெறவில்லை. இம்மூன்று சட்டங்களையும் 2023 மே 18இல் நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐவர் அமர்வு செல்லும் என்றது. வாதங்கள் முழுவதும் தொன்மையையும் வீரத்தையும் சுற்றியே நின்றதால், தொழிலிலிருந்து பிறந்த ஒரு வழக்கத்தின் தனித்தன்மை கவனம் பெறாமற் போயிற்று. சாட்டையும் தார்க்குச்சியும் பற்றிய விலங்கு நல அமைப்புகளின் குற்றச்சாட்டுக்குப் பழமையைக் காட்டி விடை கூற இயலாது. கூலிக்கு ஓடிய காலத்தில் அடிபட்ட மாடு அடுத்த பேட்டையைச் சேராது என்பதை அறிந்திருந்த வண்டிக்காரரின் கட்டுப்பாட்டைக் காட்டியே கூற இயலும்.

இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகள் கோயில் கொடைக் குழுக்களின் வீடுகளில் உள்ளன. தொலைவு, பிரிவு, பரிசு, நன்கொடையாளர் ஆகிய விவரங்களைத் தாங்கிய பந்தய நோட்டீஸ்களைப் பழைய காகிதக் கடைக்குப் போகும் முன் கேட்டு வாங்கி, ஆண்டுவாரியாக அடுக்கிப் பாதுகாக்கும் பணியை நெல்லைப் பகுதிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் காலம் தாழ்த்தாமல் மேற்கொள்ள வேண்டும்.