பள்ளிக்கும் நூலகத்துக்கும் நடுவே: தென் ஜொகூர்த் தமிழ் இளையோரின் வாசிப்பு வரலாறு – பெக்கான் நானாஸை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பதின்ம வயதினரைப் பொது நூலகத்துக்கு ஈர்ப்பது எப்படி என்ற கேள்வி, பெரும்பாலும் கட்டடம், நூல் எண்ணிக்கை, கணினி வசதி என்றே பேசப்படுகிறது. பெக்கான் நானாஸ் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, 1920களிலிருந்து இன்றுவரை தென் ஜொகூர்த் தமிழ் இளையோரின் வாசிப்பு எந்த நிறுவனங்களால் வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எழுதவும் பேசவும் இடம் கிடைத்த காலங்களில்தான் இளையோர் வாசிப்பு தழைத்தது. நூல்களை அடுக்கிவைத்ததோடு நின்ற முயற்சிகள் அவர்களை எட்டவில்லை என்பது இதன் முடிபு.

1. களம்

ஜொகூர் பாருவிலிருந்து பொந்தியானுக்குச் செல்லும் சாலையில், பொந்தியான் மாவட்டத்தில் அமைந்த சிறுநகரம் பெக்கான் நானாஸ். இங்குள்ள கரிசேர் சதுப்புமண் அன்னாசிக்கு ஏற்றது. 1930களில் டின்னில் அடைத்த அன்னாசி ஏற்றுமதியில் ஹவாய்க்கு அடுத்த இடத்தில் மலாயா இருந்தது. அந்த வணிகத்தின் பெருந்தளம் ஜொகூர். நகரில் சீனர்கள் மிகுதி. தமிழர்களின் வரலாறோ மாவட்டத்தின் ரப்பர்த் தோட்டங்களோடும், பின்னாளில் செம்பனைத் தோட்டங்களோடும் பின்னியது. ஆகவே இவ்வட்டாரத் தமிழ் வாசிப்பின் கதையைத் தோட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2. பதின்ம வாசகர் இல்லாத காலம் (1923–1941)

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் சுமத்தியது. ஜொகூர் அக்கூட்டில் சேராத மாநிலம். ஆயினும் இங்கும் தோட்டப்பள்ளிகள் எழுந்தன. அங்கே கிடைத்தது எழுத்தறிவும் சிறிது கணக்கும். பன்னிரண்டு வயதை எட்டிய பிள்ளை பால்மரக் காட்டுக்குப் போய்விடும். குழந்தைக்கும் தொழிலாளிக்கும் நடுவே ‘இளைஞர்’ என்றொரு பருவமே அங்கு ஒதுக்கப்படவில்லை.

அந்தப் பருவத்தினருக்கு அச்செழுத்து எட்டியது செவிவழியாக. கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் முயற்சியில் 1935இல் பிறந்து கோ. சாரங்கபாணியின் கைகளில் வளர்ந்த ‘தமிழ் முரசு’ ஆகியவை தோட்டங்களுக்கு வந்தன. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பது அக்கால வழக்கம். 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம் சிங்கப்பூர் அச்சகங்களைத் தென் ஜொகூருக்கு நெருக்கமாக்கியது. 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சென்றபின் வலுப்பெற்ற சீர்திருத்தப் பேச்சு, செய்தித்தாளை வாதத்துக்குரிய பொருளாக்கியது. வாசிப்பு கூட்டுச் செயலாக இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பின்வரும் காலத்துக்கு அதுவே அடித்தளம்.

3. மாணவர் மணிமன்றம்: வாசகர் எழுத்தாளராதல்

போருக்குப் பின், 1950களின் முற்பகுதியில், ‘தமிழ் முரசு’ மாணவர்களுக்கெனத் தனிப் பகுதி ஒன்றைத் தொடங்கியது. அதுவே மாணவர் மணிமன்றம். மாணவர் எழுதிய கதை, கவிதை, கட்டுரைகள் அவர்களின் பெயரோடு அச்சேறின. ஊர் பெயரும் உடன் வரும்போது அந்தத் தாள் வீடு வீடாகப் போகும். அடுத்த வாரம் தன் பெயரும் வருமா என்று இன்னொரு பிள்ளை பேனாவை எடுக்கும். எழுத வேண்டுமானால் படித்தாக வேண்டும். பிறர் எழுதியதைப் படிக்க வேண்டும், பாரதியையும் திருக்குறளையும் கையாளத் தெரிய வேண்டும். வாசிப்பு இங்கே கட்டளையால் வரவில்லை. எழுத்தாசையின் தேவையாக வந்தது.

இதழ்ப் பக்கம் விரைவில் இயக்கமாயிற்று. வாசகர்கள் தத்தம் ஊர்களில் மன்றங்கள் அமைத்தார்கள். சொற்பொழிவு, பட்டிமன்றம், நாடகம் என்று கூடினார்கள். தமிழ் இளைஞர் மணிமன்றம் என்ற பெயரில் அம்மரபு மலேசியாவில் தொடர்ந்தது. சாரங்கபாணி 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள், இந்த இளைஞர்களின் பேச்சுக்கும் எழுத்துக்கும் ஆண்டுதோறும் மேடை தந்தது. இதே காலத்தில் ‘தமிழ் நேசன்’ சுப. நாராயணனையும் பைரோஜி நாராயணனையும் கொண்டு கதை வகுப்பு நடத்தியது. ஒரு நாளிதழ் பள்ளிக்கூடமாகவும் நூலகமாகவும் ஒருங்கே இயங்கிய காலம் அது.

4. இரண்டு கொடைகள்

நூலகத்தின் வரலாறு இதற்கு இணையாக வேறொரு தடத்தில் நடந்தது. மூவாரில் 1920களின் இறுதியில் ரப்பர்த் தொழில் தொடங்கி, அன்னாசித் தொழிலிலும் பெருஞ்செல்வம் ஈட்டிய லீ கோங் சியான், 1953இல் சிங்கப்பூரில் பொது நூலகம் கட்ட 3,75,000 வெள்ளி தர முன்வந்தார். நூலகம் கட்டணமற்றதாக இருக்க வேண்டும், ஆசிய மொழிகளையும் பேண வேண்டும் என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். 1960 நவம்பரில் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் திறக்கப்பட்ட தேசிய நூலகத்தில் தமிழுக்கும் இடம் உறுதியானது இதனால்தான். பெக்கான் நானாஸ் போன்ற ஊர்களை வாழவைத்த பயிருக்கும் ஒரு தமிழ் நூலடுக்குக்கும் உள்ள தொடர்பை நம் இலக்கிய வரலாறுகள் பொருட்படுத்தியதில்லை.

மற்றொன்று எளியவர்களின் கொடை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைப்பது பற்றி ஆலோசனை கேட்கப்பட்ட கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, வடமொழிக்கு முதன்மை தரப் பரிந்துரைத்தார். சாரங்கபாணி அதை எதிர்த்து எழுதினார். கூடவே ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் தொடங்கி ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். தோட்டத் தொழிலாளரும் அதில் பங்குகொண்டனர். 1956இல் தொடங்கிய அத்துறையின் தமிழ் நூலகத்துக்கு அந்நிதி உதவியது. 1959இல் துறை சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது.

இவ்விரு கொடைகளும் பெரும்பயன் தந்தவை. ஆனால் ஒன்று சிங்கப்பூர் வாசகருக்கும் மற்றொன்று பல்கலைக்கழக மாணவருக்கும் உரியது. பொந்தியான் மாவட்டத்துப் பதினான்கு வயதுத் தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டுமே தொலைவு. அவ்வயதினருக்குக் கைக்கெட்டியது வாரந்தோறும் வந்த அந்தச் செய்தித்தாள் பக்கம் மட்டுமே.

5. 1965: பருவம் பிறந்தது, மொழி பிரிந்தது

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ்த் தமிழ்வழிக் கல்வி தொடக்கப்பள்ளியோடு நின்றது. 1965 முதல் தேர்வு வடிகட்டல் நீங்கி, எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளிக்குப் போக வழி பிறந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வருவோர் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்று மேலே சென்றனர். பால்வெட்டுக்குப் போயிருக்க வேண்டிய வயதில் பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். தோட்டத் தமிழரிடையே ‘பதின்ம வாசகர்’ என்ற பருவம் பரவலாக உருவான ஆண்டு இதுவெனலாம்.

அதே வேளையில் அவர்களின் பாடமொழி மாறியது. தமிழ், பதினைந்து பெற்றோர் கேட்டால் நடத்தப்படும் தாய்மொழி வகுப்பாகச் சுருங்கியது. பல பள்ளிகளில் அது பாடநேரத்துக்கு வெளியே தள்ளப்பட்டது. கதைநூல்களைத் தானாகப் படிக்கத் தொடங்கும் வயதில் அம்மொழி பள்ளி நாளிலிருந்தே விலகிப்போனது.

பொது நூலகத் திட்டம் உருவானது இந்தச் சூழலில்தான். ஜொகூர் பாருவில் பிறந்து சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இயக்குநராக விளங்கிய ஹெட்விக் அனுவார் 1968இல் மலேசியப் பொது நூலக வளர்ச்சிக்கான வரைவுத் திட்டத்தை எழுதினார். 1972இல் தேசிய நூலகச் சட்டம் வந்தது. மாநிலங்கள் தத்தம் பொது நூலகக் கழகங்களை அமைத்தன. பின்னர் மாவட்ட, கிராம நூலகங்கள் பெருகின. சென்னை மாகாணம் 1948இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றி நூலக வரியும் விதித்ததோடு ஒப்பிட்டால் இது பிந்தியதுதான். எனினும் தாமதத்தைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. நூலகம் வந்தபோது, அதற்கு வாசகர்களைத் தயாரித்து அனுப்பியிருக்கக்கூடிய மணிமன்றங்களோடு அதற்கு எந்த உறவும் ஏற்படவில்லை. இரண்டும் ஒன்றையொன்று பாராமலே வளர்ந்தன.

6. எண்ணும் வாசிப்பும் எழுதும் வாசிப்பும்

கல்வியமைச்சின் 1998ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையால் உருவான ‘நீலாம்’ திட்டம் வாசிப்பைப் பள்ளியின் அன்றாடக் கடமையாக்கியது. மாணவர் தாம் படித்த நூலின் தலைப்பையும் சுருக்கத்தையும் பதிவேட்டில் எழுதுவர். எண்ணிக்கை கூடக்கூட வெண்கலம், வெள்ளி, தங்கம் எனச் சான்று உயரும். எல்லாத் தரப்பு மாணவரையும் புத்தகத்தைத் தொடவைத்தது இதன் வலிமை. ஆனால் பதிவேட்டைப் படிப்பவர் ஆசிரியர் ஒருவரே. மணிமன்றப் பக்கத்தில் எழுதிய பிள்ளைக்கோ நாடெங்கும் வாசகர் இருந்தனர். ‘தமிழ் நேசன்’ 1972இல் அறிமுகப்படுத்திய பவுன் பரிசுத் திட்டமும், மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980களிலிருந்து நடத்திவரும் சிறுகதைப் போட்டியும் தொடர்ந்து புதிய எழுத்துகளைக் கொண்டுவந்ததற்குக் காரணம், எழுத்தைப் பொதுவெளியில் வைத்ததே.

உலக அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மார்கரெட் எட்வர்ட்ஸ் 1930களிலிருந்து பதின்ம வயதினருக்கான சேவையை வளர்த்தார். பள்ளிகளுக்கு நேரில் போய் நூல்களைப் பற்றிப் பேசினார். 1940களில் குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு தெருக்களுக்குச் சென்றார். சிங்கப்பூரில் ஜூரோங் வட்டார நூலகம் 2004இல் திறந்த பதின்ம வயதினர் பகுதியில் நிகழ்ச்சி மேடையும் இடம்பெற்றது. இரு முயற்சிகளும் அவ்வயதினரைத் தனிப் பருவத்தினராக மதித்தவை.

7. முடிபு

மலேசியா 2021–2030ஐத் தேசிய வாசிப்புப் பத்தாண்டாக அறிவித்துள்ளது. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. முன்பு நாளிதழ்கள் சுமந்த பணியை இனி யார் சுமப்பது என்ற கேள்விக்கு, சிறுநகரப் பொது நூலகமே பொருத்தமான விடை. பெக்கான் நானாஸ் போன்ற ஊரில் அது செய்ய வேண்டியவை பெருஞ்செலவு கேட்பவை அல்ல. இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பு மாணவரைத் தேடிப்போய் உறுப்பினராக்குவது. தமிழ் நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் அவர்களுக்குப் பங்கு தருவது. அவர்களே ஆசிரியர்களாக இருந்து தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் மாத இதழ் ஒன்றை வெளியிட நூலகச் சுவரையும் இணையப் பக்கத்தையும் திறந்துவிடுவது.

தோட்டத்து வாசிப்புக் கூட்டமும் மணிமன்றமும் சான்று காட்டுவது இதையே: இளைஞர் தம் குரலைக் கேட்க ஆளிருக்கும் இடத்துக்கு வருகிறார்கள், வந்தபின் படிக்கிறார்கள். நூலகத் திட்டங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் படி, பிறகு பேசலாம் என்றன. அவ்வரிசையைச் சரிசெய்யும் நூலகத்துக்கே அடுத்த தலைமுறைத் தமிழ் வாசகர் கிடைப்பர்.