பிரம்பை வைத்துவிட்டு மரக்கட்டையை எடுத்த கதை

"நாங்க பசங்கள அடிக்கிறதே இல்ல டாக்டர். நாலு பேர் முன்னாடி நிக்க வச்சு ஒரு வார்த்தை கேட்டா போதும், அடங்கிடுவான்." இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் நிறைய பேர்.

இந்த "அடிக்காத தண்டனை"க்கு 200 வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு மக்களே. அதில் நம்ம எழும்பூருக்கும் ஒரு பங்கு உண்டு 👇

1/ 1789-ல் எழும்பூர் ஆண் அனாதைப் பள்ளிப் பொறுப்புக்கு வந்தவர் ஆண்ட்ரூ பெல். நம்ம ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளியிலும் கொண்டு வந்தார். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லித்தர வேண்டும். 1797-ல் லண்டனில் அச்சான இந்த முறைக்குப் பெயரே "மெட்ராஸ் முறை".

2/ 1798-ல் லண்டன் சவுத்வார்க்கில் ஜோசப் லான்காஸ்டர் இதே பாணியில் ஏழைகளுக்குப் பள்ளி தொடங்கினார். குவேக்கர் மதப்பிரிவைச் சேர்ந்தவர். பிரம்படி கூடாது என்பது அவர் கொள்கை. நல்ல மனுஷன்தான்.

3/ ஆனா ஒரு வாத்தியார், நூற்றுக்கணக்கான பசங்க. பிரம்பு இல்லாம எப்படி அடக்குவது? கேலியை எடுத்தார். கழுத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோ மரக்கட்டை. கூடையில் உட்காரவைத்து கூரையில் தொங்கவிடுவது; அதற்கு "கூண்டுப் பறவை" என்று பெயர் வேறு. கீழே மொத்தப் பள்ளியும் சிரிக்கும். இதையெல்லாம் அவரே தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

4/ 1808-ல் ஒரு பொது உரையில் இந்தத் தண்டனைகளைக் கடுமையாகச் சாடியவர் கவிஞர் கோல்ரிட்ஜ். பள்ளியில் நல்லா பிரம்படி வாங்கி வளர்ந்தவர் அவர் என்பதைக் கவனியுங்கள்.

5/ மருத்துவம் என்ன சொல்லுது? 2004-ல் 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கார்ட்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அதிகமா ஏறியது எப்போது? பிறர் நம்மை எடைபோடும்போது, அதை மாற்ற நம்மால் எதுவும் முடியாதபோது. அவை பெரியவர்களிடம் செய்த ஆய்வுகள். வகுப்பு நடுவில் நிற்கும் எட்டு வயசுப் பிள்ளையின் நிலைமையும் அதுதானே?

6/ அப்போ பிரம்பே தேவலையா? இல்லவே இல்ல. எல்லார் முன்னாடியும் விழும் அடியில் அவமானமும் சேர்ந்தே இருக்கு. அதனால்தான் 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனை, மனரீதியான துன்புறுத்தல் ரெண்டையும் தடை செய்கிறது.

7/ அடியின் தழும்பை அம்மா குளிப்பாட்டும்போது பார்த்துவிடுவார். கேலிக்குத் தழும்பு இல்லை. வகுப்பே சிரித்ததால் தப்பு தன்மேல்தான் என்று நினைத்து பிள்ளையும் வாய் திறக்காது. ஸ்கூல் நாளில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி வருதா? டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே "க்ளாஸ்ல யாராவது சிரிச்சாங்களா?" என்றும் மெதுவா கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தப்பைத் தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க. செஞ்சதைப் பத்திப் பேசுங்க, பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்காதீங்க.