பனி உருகின பிறகு ஸ்கீ என்ன ஆகும்?

பனிச்சறுக்கு வரலாறுன்னு தேடினா, யார் எந்த வருஷம் ஜெயிச்சாங்கன்னு பக்கம் பக்கமா கிடைக்கும். ஆனா பனி உருகி சீசன் முடிஞ்சதும் அந்த ஸ்கீ கட்டைகளை என்ன பண்ணாங்க? ஆறேழு மாசம் சும்மா கிடக்கிற பொருளைக் கெடாம வைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை மக்களே. அதுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு.

நார்வேயில் டிகெர்வார்டன் மலையில், உருகிட்டிருந்த பனித்திட்டு ஒன்றில் 2014-ல் ஒரு ஸ்கீ கிடைச்சுது. அதன் ஜோடி 2021-ல், ஐந்தே மீட்டர் தள்ளி! சுமார் 1300 வருஷப் பழசு. 2021-ல் கிடைச்சதோட நீளம் 187 செ.மீ. ஆனா என்னை அசத்தினது வயசு இல்லை. ரெண்டுலயும் தேய்ஞ்ச தடமும் இருக்கு, பழுது பார்த்த தடமும் இருக்கு. தூக்கி எறியாம சரி பண்ணி ஓட்டியிருக்கார் அந்த மனுஷன்.

மரக்கட்டைக்கு முதல் எதிரி ஈரம். அதுக்கு நார்வே, ஸ்வீடன் மக்கள் கண்ட மருந்து பைன் தார். நம்ம ரோட்டுக்குப் போடுற தார் இல்லை. பைன் மரத்தின் வேரையும் அடிக்கட்டையையும் அதிகம் காற்று புகாம மெதுவா எரிச்சு இறக்குறது. அதை ஸ்கீயின் அடியில் பூசி, சூடு காட்டி மரத்துக்குள்ளே இறக்கிட்டா தண்ணி ஏறாது.

அடுத்த எதிரி, வளைவு போறது. ஸ்கீயின் நடுப்பகுதி லேசா மேலே எழும்பி இருக்கும். ஆள் ஏறி நின்னதும் அது அழுந்தி, எடையை முழு நீளத்துக்கும் பரப்பும். சும்மா கிடந்தா மரம் அந்த வளைவை மறந்துடும். அதனால ரெண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் சேர்த்து வச்சு, முனைகளைக் கட்டி, நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகி வைப்பாங்க. எளிமையான, அருமையான எஞ்சினியரிங்!

1926-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர், ஸ்கீயின் ஓரத்தில் எஃகுப் பட்டைகளைத் திருகி வச்சார். இறுகின பனியில் பிடிமானம் கிடைச்சுது. கூடவே துருவும் வந்துது. 1950-ல் விமானப் பொறியாளர் ஹோவர்ட் ஹெட், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மரம் வச்ச ஸ்கீயை விற்க ஆரம்பிச்சார். அதே பத்தாண்டில் அடிப்பாகத்துக்கு பாலிஎத்திலீன் வந்துது. தாருக்கு வேலை போச்சு. சீசன் கடைசியில் துடைச்சு, காயவச்சு, அடியிலும் எஃகு ஓரத்திலும் மெழுகை உருக்கித் தடிமனாப் பூசி, சுரண்டாம அப்படியே விடுறது வழக்கமாச்சு. அடுத்த குளிர்காலத்தில்தான் சுரண்டுவாங்க.

அந்த மெழுகிலும் ஒரு வில்லங்கம். வேகத்துக்காக ஃப்ளோரின் சேர்த்தாங்க. இயற்கையில் லேசில் சிதையாத ரசாயனம் அது. பனியோட மண்ணுக்கும் தண்ணிக்கும் போச்சு. சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 சீசனிலிருந்து தன் போட்டிகளில் அதை முழுசாத் தடை பண்ணிடுச்சு.

ஒரு பக் சரி பண்ணா இன்னொண்ணு முளைக்கும்னு நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துக்குத் தெரியாததா? :) ஈரம் போய் துரு வந்துது, துருவுக்கு மெழுகு வந்துது. லெட்னர் பேரும் ஹெட் பேரும் நிலைச்சுது. வருஷா வருஷம் தார் பூசினவங்க பேர் எதுலயும் இல்லை. மெயின்டனன்ஸ் டீம்காரங்களுக்கு என்னைக்குமே இதே கதிதான். என்ன, டிகெர்வார்டனில் பழுது பார்த்த ஒருத்தரோட கைவேலை மட்டும் 1300 வருஷம் கழிச்சு வெளியே வந்துடுச்சு.