ஆண் உடுத்தும் உடை, பெண் அடித்த துணி

ஸ்காட்லாந்துத் திருமணப் படம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மணமகன் கட்டம் போட்ட கில்ட் கட்டியிருப்பான். இடுப்பில் தோல்பை, தோளில் கம்பளி மேலங்கி, கையில் ஆட்டுக்கொம்புப் பிடி வைத்த தடி. பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு வெள்ளை கவுன். அது எந்த நாட்டிலும் கிடைக்கும். அங்கே மரபுடை என்றதும் ஆணின் உடைதான் நினைவுக்கு வருகிறது. அந்த உடையோடு சேர்த்து அணியும் மேலங்கிக்கும் தடிக்கும் 'கையால் செய்தது' என்பதே பெருமை. யாருடைய கையால்?

தைத்த மேலங்கி பிந்தி வந்தது. இன்று பேக்பைப் வாசிப்பவர்கள் மழைக்குப் போட்டுக்கொள்ளும் 'இன்வர்னெஸ்' மேலங்கி 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அதற்கு முன் ஹைலண்ட் மலைநாட்டில் இருந்தது தைக்காத நீளத் துணி. ஆண்கள் அதை இடுப்பில் மடித்துக் கட்டித் தோளில் போட்டார்கள். பெண்களுக்கும் அப்படி ஒன்று இருந்தது, பெயர் அரிசெய்ட். ஸ்கை தீவைச் சேர்ந்த மார்ட்டின் மார்ட்டின் 1703இல் வெளியிட்ட நூலில் இதை விவரிக்கிறார்: சில கோடுகள் மட்டும் ஓடும் வெள்ளைத் துணி, கழுத்திலிருந்து குதிகால் வரை; மார்பில் வெள்ளி அல்லது பித்தளை ஊசி. அவர் எழுதும்போதே அது பழைய உடையாகிவிட்டது; எளிய பெண்கள் சிலர்தான் அணிந்துகொண்டிருந்தார்கள்.

நகரத்துப் பெண்களும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். முகம் தெரியவில்லை, குடும்பப் பெண் யார் மற்றவள் யார் என்று பிரித்தறிய முடியவில்லை என்று 17ஆம் நூற்றாண்டில் எடின்பரோ நகர மன்றம் தடை போட்டது. மோனிஃபீத் என்ற ஊரின் தேவாலயக் கணக்கில் 1643இல் ஒரு செலவு பதிவாகியிருக்கிறது: தலையில் போர்வை போட்டு வரும் பெண்கள்மேல் பூசுவதற்குத் தார் வாங்கிய காசு. முகத்தை மூடினாலும் குற்றம், திறந்தாலும் குற்றம் என்பது நம் வாசகிகளுக்குப் புதிதல்ல. பெண்ணின் துணிக்குக் காவல் போட எந்த மதத்துக்கும் தார் கிடைத்துவிடுகிறது.

1746 ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில் ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் ஆதரவாளர்கள் தோற்றார்கள். அதே ஆண்டு வந்த சட்டம் ஹைலண்ட் உடையைத் தடை செய்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை ஏழு ஆண்டு நாடுகடத்தல். சட்டம் சொன்னது ஆண்களையும் சிறுவர்களையும் மட்டும். ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு விலக்கு. பெண்ணைக் குறிப்பிடவே இல்லை. இதைச் சலுகையாக வாசிக்கலாம். பெண்ணின் உடையில் அரசியல் இருக்க முடியும் என்று அரசுக்குத் தோன்றவில்லை என்றும் வாசிக்கலாம். நான் இரண்டாவது வாசிப்பின் பக்கம். 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த விழாவில் மன்னரே கில்ட் கட்டினார். ஆணின் உடை தேசத்தின் உடையானது. அரிசெய்டுக்கு அப்படி ஒரு விழா எடுக்க எவரும் வரவில்லை.

இந்தத் துணி எல்லாம் எங்கிருந்து வந்தது? ஆட்டு ரோமத்தை வாரி நூற்றது பெண்கள். பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டி, கம்பளியோடு கொதிக்கவைத்துச் செம்பழுப்புச் சாயம் ஏற்றியதும் பெண்கள். தறியிலிருந்து இறங்கிய துணி தளர்வாக இருக்கும். காற்றும் மழையும் உள்ளே புகும். அதை இறுக்க, நாள்பட வைத்துப் புளித்த சிறுநீரில் ஊறவைப்பார்கள். பிறகு நீண்ட பலகையின் இரு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து, துணியைப் பலகையில் அடித்து அடித்து, சூரியன் போகும் திசையில் பக்கத்தில் இருப்பவளிடம் நகர்த்துவார்கள். ஒருத்தி வரியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பல்லவி பாடுவார்கள். எத்தனை பாட்டுக்குத் துணி இறுகும் என்பதுதான் கணக்கு. கடலில் மூழ்கிய காதலன், கைவிட்டுப் போனவன், வயிற்றில் வளரும் பிள்ளை, கேலி, வசை எல்லாம் அந்தப் பாட்டில் உண்டு. பலவற்றை இயற்றியவர்கள் பெயர் தெரியாத பெண்கள். 1773இல் ராசே தீவுக்குப் போன சாமுவேல் ஜான்சனுக்கும் பாஸ்வெல்லுக்கும் இந்த வேலை பார்க்கத்தக்க வேடிக்கையாக இருந்தது. 1929 முதல் ஆறு ஆண்டுகள் சவுத் யூயிஸ்ட் தீவில் ஒரு வீட்டில் இரு சகோதரிகளோடு தங்கிய மார்கரெட் ஃபே ஷா என்ற அமெரிக்கப் பெண், அவர்களிடமே கேலிக் மொழி கற்று, பாட்டுகளை எழுதிவைத்தார். 1955இல் அது நூலாயிற்று. விருந்தாளியாகப் பார்ப்பதற்கும் கூட இருந்து கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தடிக்கு வருவோம். ஹேசல் மரக் கிளையைக் குளிர்காலத்தில் வெட்டி ஓராண்டாவது உலரவிட வேண்டும். செம்மறிக் கடாவின் கொம்பைச் சூட்டில் இளக்கி, அழுத்தி வளைத்துப் பிடி செய்ய வேண்டும். அழகான வேலை, பொறுமை தேவை. ஆனால் அது மேய்ப்பனின் தடி. ஹைலண்டில் மேய்ப்பனும் பெருமந்தைகளும் வந்த கதை, மனிதர்கள் விரட்டப்பட்ட கதை. கம்பளிக்கு நல்ல விலை கிடைத்ததால், நிலப்பிரபுக்கள் குடியானவர்களை அகற்றிவிட்டுச் செவியட் ஆடுகளுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகள் கொளுத்தப்பட்டன. படுக்கையில் கிடந்த மார்கரெட் மெக்கே என்ற மிக வயதான பெண்ணின் சாவுக்குக் காரணமானவர் என்று பாட்ரிக் செல்லர் மீது வழக்கு நடந்தது, 1816இல் விடுதலையானார். அந்த நிலத்தின் உடைமையாளர் சதர்லாந்து சீமாட்டி எலிசபெத். அவரும் பெண்தான். பெண் என்ற ஒரு சொல்லுக்குள் மார்கரெட்டையும் எலிசபெத்தையும் சேர்த்துக் கட்டிவிட முடியாது.

1854 மார்ச்சில் கிரீன்யார்ட்ஸ் என்ற இடத்தில் வெளியேற்ற உத்தரவோடு போலீஸ் வந்தபோது முன்னால் நின்றது பெண்கள். தடியடி அவர்கள் தலைமேல் விழுந்தது. தடியின் வரலாற்றை எழுதுவதானால் அந்தத் தடியையும் எழுதத்தான் வேண்டும்.

1840களில் டன்மோர் சீமாட்டி கேத்தரின் மர்ரே, ஹாரிஸ் தீவுப் பெண்கள் நெய்த துணியைத் தம் பணியாட்களுக்கு உடையாக்கி, பணக்கார நண்பர்களிடம் அறிமுகப்படுத்தினார். ஹாரிஸ் ட்வீட் உலகச் சரக்கானது. முதல் உலகப் போருக்குப் பின் ஹாட்டர்ஸ்லி தறி வந்தது. நெசவு பெரும்பாலும் ஆண்களின் தொழிலானது. பெண் செய்தபோது வீட்டுவேலை; இயந்திரமும் கூலியும் வந்ததும் அது தொழில். 1993இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், அந்தத் தீவுகளில் நெசவாளர் தம் வீட்டில் கையால் நெய்தால்தான் அது ஹாரிஸ் ட்வீட் என்று சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் இறுக்கும் வேலை ஆலைக்குப் போய்விட்டது. பலகையும் பாட்டும் இப்போது மேடையிலும் ஒலிப்பதிவிலும் இருக்கின்றன.

மழையில் நனையாமல் ஒருவன் மேலங்கிக்குள் நிற்கிறான் என்றால், அந்த இறுக்கத்தை முதலில் கண்டுபிடித்துத் தந்தது பலகையைச் சுற்றி உட்கார்ந்த கைகள். உடையின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது அதை உடுத்தியவர்களின் பெயர்ப் பட்டியல். அடுத்த முறை 'கையால் செய்தது' என்ற சீட்டைப் பார்க்கும்போது, எந்த நாட்டுத் துணியானாலும், அது எத்தனை பாட்டு நேரம் என்று கேளுங்கள்.